சைக்கமோர் பள்ளத்தின் திருப்தியான சந்தாதாரர்

மட்லிக் வேலி டெலிபோன் கம்பெனி அரசாங்கத்தின் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, முப்பத்தோரு வருஷமாக அங்கே சம்பளம் வாங்குகிறவள் என்ற முறையில் சாட்சியாகச் சொல்கிறேன். நொடிக்கு நாலு மெகாபிட் வந்தால்தான் அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர் என வாஷிங்டனில் இருக்கும் தொலைத்தொடர்பு ஆணையம் ஒருமுறை அறிவித்தது. அடுத்த வாரமே எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க நாலு வந்துவிட்டது. சில வருஷம் கழித்து, நாலெல்லாம் ஒரு வேகமா, இருபத்தைந்து வேண்டும் என்றார்கள். பதினோரு நாளில் இருபத்தைந்து. போன வருஷம் நூறு என்றார்கள். அதுவும் ஆயிற்று. இத்தனைக்கும் நாங்கள் ஒரு குழி தோண்டவில்லை, ஒரு கம்பம் நடவில்லை, ஒரு முழம் கம்பி மாற்றவில்லை.

வரையறை மாறும் ஒவ்வொரு முறையும் ஆபீஸில் ஒரு சின்ன விருந்து உண்டு. ஆளுக்கு இரண்டு பெப்பரோனி ரோல், காகிதக் கோப்பையில் காபி, நடுவில் ஒரு பெரிய கேக். கேக்கின் மேல் புதிய எண்ணை நீல க்ரீமில் எழுதியிருப்பார்கள். துணைத் தலைவர் கார்ல்டன் பைல்ஸ் அதை வெட்டுவார். வரையறை இணக்கப் பிரிவு என்று ஒன்று கம்பெனியில் இருக்கிறது. அதில் இரண்டே பேர், பைல்ஸும் நானும். அதனால் கேக்கைப் பிடித்துக்கொள்வது எப்போதும் என் வேலையாக இருந்தது.

இருபத்தைந்து கேக் வெட்டிய அன்று அவர் பேசியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மத்த கம்பெனிக்காரன்லாம் நம்பர் மாறினா உடனே மண்வெட்டியத் தூக்கிட்டு ஓடறான். எதுக்கு? வாஷிங்டன்ல மாத்தினது ஒரு சொல்லோட அர்த்தத்த. சொல்ல மாத்தினா நாமளும் சொல்லாலதான் பதில் சொல்லணும். நம்ம கம்பிங்க வயசானவங்க. அவங்கள நிம்மதியா விடுங்க" என்றார். கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அந்த மாதம் எங்களுக்கு இருந்த சிக்கல் சைக்கமோர் பள்ளம். ஓடையை ஒட்டி ஒரே ஒரு சாலை, முப்பத்திரண்டு வீடுகள், ஒரு தேவாலயம், பள்ளிப் பேருந்து திரும்புவதற்கு ஒரு மேடு. பள்ளத்தின் வாயில் கம்பெனியின் மிஷின் அறை நிற்கிறது. சிமெண்ட் கல் வைத்துக் கட்டிய ஒற்றை அறை, தகரக் கதவு, புல் வெட்டும் வண்டியை நிறுத்தும் கொட்டகை அளவுதான். நல்ல வேகமான கண்ணாடி இழைக் கம்பி அந்த அறை வரைக்கும் வருகிறது. அங்கிருந்து வீடுகளுக்குப் போவது நான் பிறப்பதற்கு முன்னால் இழுத்த செம்புக் கம்பி. அறைக்குள்ளே இன்டர்நெட் பறக்கும். அறுபது அடி தள்ளி முதல் வீட்டில் ஒரு படம் திறப்பதற்குள் காபி ஆறிப்போகும்.

அப்போது அரசாங்கத்தின் கணக்கு வட்டம் வட்டமாக இருந்தது. ஒரு வட்டத்துக்குள் ஒரே ஒரு சந்தாதாரருக்கு இருபத்தைந்து கிடைத்தால் போதும், வட்டம் முழுவதுக்கும் கிடைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். சைக்கமோர் பள்ளம் ஒரு வட்டம். பைல்ஸ் ஒரு மதியம் யோசித்துவிட்டு மிஷின் அறைக்கே ஒரு இணைப்பைக் கொடுத்துவிடச் சொன்னார். அறைக்குள் இருக்கும் மிஷினிலிருந்து அதே அறையின் எதிர்ச் சுவருக்கு நாலடி ஒயர் இழுத்து ஒரு மோடத்தை மாட்டினோம். வட்டம் நிறைந்தது.

ஆனால் படிவத்தில் சந்தாதாரர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. யார் பெயரைப் போடுவது என்று பைல்ஸிடம் கேட்டேன். "அங்க அடிக்கடி போறவங்க யாராவது ஒருத்தர் பேரு" என்றார். அறைச் சாவி டென்சில் கோகரிடம் இருந்தது. டென்சில் கோகர் என்று எழுதினேன்.

டென்சில் எங்கள் லைன்மேன். காலை வேளைகளில் நான் ரேடியோவில் உட்கார்ந்து லைன்மேன்களை அனுப்புகிற வேலையையும் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்த மனிதர் குரல் என் மேஜையில் ஒலித்திருக்கும். எந்தப் பேச்சையும் என் பெயரைச் சொல்லி, "ட்வைலா" என்று ஆரம்பித்து "ட்வைலா" என்றே முடிப்பார். ட்வைலா, மரம் சாஞ்சிருக்கு, ட்வைலா. ட்வைலா, இந்தப் பக்கம் கரடி ஒண்ணு நம்ம லஞ்ச் டப்பாவ மோந்து பாக்குது, என்ன செய்ய, ட்வைலா. அவர் பெயரைச் சந்தாதாரர் கட்டத்தில் போட்டிருக்கிற விஷயத்தை நானே ரேடியோவில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப ரொம்பத் திருப்தியா இருக்கேன்னு எழுதிக்கோ, ட்வைலா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒன்பது வருஷம் ஓட்டினேன். ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் சரிபார்ப்புப் பிரிவு, வட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் சந்தாதாரர்களுக்குத் திருப்திப் படிவம் அனுப்பும். மிஷின் அறைக்கு வரும் படிவத்தை நான் நிரப்பினேன். மிகமிகத் திருப்தி என்ற கட்டத்தில் டிக் போட்டு, டென்சிலின் வேலைச் சீட்டுகளைப் பார்த்து அவர் கையெழுத்தைப் போட்டேன். முதல் வருஷம் நாலு தாளில் எழுதிப் பழகினேன். மூன்றாம் வருஷம் சீட்டைப் பார்க்கவே தேவைப்படவில்லை. கருத்துகள் என்ற இடம் காலியாகக் கிடப்பது கண்ணை உறுத்தியதால் ஐந்தாம் வருஷத்திலிருந்து அதையும் நிரப்பத் தொடங்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு மதியம், இது இல்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று எழுதினேன். அடுத்த வருஷம், குழந்தைகளின் படிப்புக்கு மிகவும் உதவியாக இருக்கிறது என்று எழுதினேன்.

டென்சிலுக்கும் அவர் மனைவி மெர்லீனுக்கும் குழந்தைகள் இல்லை. எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. இதைவிடக் கேவலமான சமாதானம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

டென்சில் ஓய்வு பெற்றார். சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில், விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. நான் பார்க்கப் போனபோது ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து "ட்வைலா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெர்லீன் காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ரொம்ப உருகாத, கண்ணு. அவருக்கு மிச்சம் இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான். தண்ணி வேணும்னாலும் ட்வைலா, பாத்ரூம் போகணும்னாலும் ட்வைலா. வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் உன் தலைமுடியப் பிடிச்சிருப்பா."

பேச்சைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் முதல் ஒரு வருஷம்தான் முக்கியம். அதற்குள் எவ்வளவு பயிற்சியோ அவ்வளவு பேச்சு. பேச்சுப் பயிற்சி தரும் மிஸ் ஓர்டீஸ் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், இரண்டரை மணி நேரப் பயணம். அதனால் வாரம் மூன்று நாள் வீடியோவில் வருவதாக ஏற்பாடு. அவள் வாயை எப்படிக் குவிக்கிறாள், நாக்கை எங்கே வைக்கிறாள் என்று பார்த்து டென்சில் அப்படியே செய்ய வேண்டும். முதலில் 'நோ' என்ற சொல். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தால் மனிதனுக்குப் பாதி வாழ்க்கை திரும்பக் கிடைத்த மாதிரி என்பாளாம்.

நான் போன அன்றே ஒரு பயிற்சியைப் பார்த்தேன். மிஸ் ஓர்டீஸ் திரையில் வந்து, வணக்கம் சொல்லி, வாயை வட்டமாகத் திறந்தாள். அதோடு படம் உறைந்துவிட்டது. டென்சிலும் வாயை வட்டமாகத் திறந்தார். அவள் திறந்த வாயோடு நின்றாள், அவரும் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தார். நாலு நிமிஷம் இருவரும் அப்படியே இருந்தார்கள். அவர் தாடையில் எச்சில் வழிந்ததை மெர்லீன் துடைத்துவிட்டாள். இப்படி ஐந்தாறு முறை உறைந்து படம் திரும்ப வந்தபோது பயிற்சி நேரம் முடிய ஆறு நிமிஷம் இருந்தது.

வேகமான லைன் வேண்டும் என்று மெர்லீன் கம்பெனிக்குப் போன் செய்தாள். உங்கள் கணவரிடம் ஏற்கெனவே எங்கள் மிக உயர்ந்த திட்டம் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லையே என்றாள். வீட்டில் இருப்பது இரண்டாவது இணைப்பு, அது வேகமாக இல்லாதது இயற்கைதான் என்றார்கள். முதலாவது எங்கே என்று கேட்டாள். அது சந்தாதாரரின் தனிப்பட்ட தகவல், அவரையே பேசச் சொல்லுங்கள் என்றார்கள். டென்சில் போனை வாங்கி "ட்வைலா" என்றார். அவர்கள் லைனை என் மேஜைக்கு மாற்றினார்கள்.

ஏதோ பதிவுக் கோளாறு, பார்க்கிறேன் என்று மெர்லீனிடம் சொன்னேன். பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

அவள் எழுத்து மூலமாகவும் விண்ணப்பம் போட்டாள். கேட்ட பத்து வேலை நாளுக்குள் இணைப்புத் தர முடியும் என்று நாங்கள் அரசாங்கத்திடம் சத்தியம் செய்திருந்ததால் ஒன்பதாம் நாள் ஒரு டெக்னீஷியன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார், வாசலில் நிறுத்தாமல் திரும்பி வந்தார், 'நாய் தடுத்தது' என்று குறித்தார். நாய் தடுத்தால் பத்து நாள் கணக்கு நின்றுவிடும் என்று விதி. எங்கள் பதிவேட்டின்படி அந்த வருஷம் பள்ளத்தாக்கில் நானூற்றுப் பதினேழு வீடுகளில் நாய் தடுத்திருந்தது. தன்னிடம் நாயே இல்லை என்று மெர்லீன் கடிதம் எழுதினாள். நாய் இல்லை என்பதற்குக் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் கேட்டுப் பதில் போனது. அந்தப் பதிலையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

இந்த நேரத்தில்தான் நூறு கேக் வந்தது. அரசாங்கம் இப்போது வட்டம் பார்ப்பதில்லை, ஒவ்வொரு வீட்டையும் புள்ளியாகப் பார்க்கிறது. நூறு கிடைக்காத வீடுகளுக்குக் கண்ணாடி இழை போட மானியம் தரப் போகிறார்கள் என்றும், மின்சாரக் கூட்டுறவுக்காரர்கள் சைக்கமோர் பள்ளத்தில் குழி தோண்டத் தயாராக இருக்கிறார்கள் என்றும் செய்தி வந்தது. பைல்ஸுக்கு அன்று கேக் இறங்கவில்லை. முப்பத்திரண்டு வீட்டையும் நூறு கிடைக்கும் வீடுகள் என்று குறிக்கச் சொன்னார். ஆதாரம் கேட்டால் என்ன செய்வது என்றேன். பள்ளத்தில் ஒன்பது வருஷமாகத் திருப்தியோடு இருக்கும் ஒரு வாடிக்கையாளர் நம்மிடம் இருக்கிறாரே என்றார். ஆள் வசிக்கிற இடமாகத் தெரிய வேண்டும் என்று மிஷின் அறைக்கு வெளியே ஒரு தபால் பெட்டியும் 'நல்வரவு' என்று போட்ட ஒரு மிதியடியும் வைக்கச் சொன்னார். மிதியடியை நான் வாங்கி வந்தேன்.

கோகர் வீட்டின் சார்பில் மெர்லீன் மாநில அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுத்தாள். அதில் ஜெயித்தால் கம்பெனியின் குறிப்பு முழுக்க விழுந்துவிடும், பள்ளம் முழுவதுக்கும் இழை வரும். விசாரணை ஒரு புதன்கிழமை என்று விதிகளோடு ஒரு தாள் வந்தது. இன்டர்நெட் இல்லை என்று முறையிடுகிறவர்கள் வீடியோவில்தான் ஆஜராக வேண்டும், நேரில் வர அனுமதியில்லை. சந்தாதாரர் தானே பேச வேண்டும். அவருக்காக மனைவி பேசுவது அவருடைய தகவல் உரிமைக்கு எதிரானது. மெர்லீன் மூன்று முறை அந்தத் தாளைப் படித்தாள். பிறகு என்னைக் கேட்டாள்: "ஏம்மா, ஊமைன்னு ஒரு கட்டம் இதுல எங்கயாவது இருக்கா?"

மற்ற நாளாக இருந்தால் நூலகத்தின் கார் நிறுத்தத்தில் வண்டியைப் போட்டு அங்கே வரும் சிக்னலில் பேசலாம். எங்கள் ஊரில் வரி கட்டுவது, பள்ளிப் பாடம், வேலைக்கான நேர்காணல் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. புதன்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, சிக்னலையும் அணைத்துவிடுவார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஒரு உதவியாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. மிஷின் அறையில் ஒரு இணைப்பு இருக்கிறது, அங்கே போய்ப் பேசலாம் என்றேன். எதற்காக அந்த இணைப்பு என்று மெர்லீன் கேட்டாள். சோதனைக்கு என்றேன்.

டென்சில் இடது கையால் சாவியைத் திருகித் தகரக் கதவைத் திறந்தார். மிதியடியைப் பார்த்து நின்று, கவனமாகக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கவிழ்த்துப் போட்ட ஒயர் உருளையில் அவரை உட்கார வைத்து, முன்னால் கணினியை வைத்தோம். மெர்லீன் அவர் பக்கத்தில். நான் படத்தில் விழாதபடி ஒரு அடி தள்ளிச் சுவரோரம் நின்றேன். அந்த ஒரு அடியை இப்போதும் என்னால் சரியாகக் காட்ட முடியும்.

மாநில அலுவலகத்தின் விசாரணை அதிகாரி திருமதி ஸ்டட்லர் திரையில் வந்தாள். வந்ததும் முகம் விரிந்தது. "இத்தன வருஷத்துல இவ்வளவு தெளிவா ஒரு மனுதாரரோட படத்த நான் பாத்ததே இல்ல. மிஸ்டர் கோகர், உங்க சட்டைல ஒரு பட்டன் இல்ல, அது கூடத் தெரியுது. நீங்க இருக்கறது பதிவுல இருக்கற முகவரிதானா?" என்று கேட்டு அதை வாசித்தாள்.

மெர்லீன் என்னைப் பார்த்தாள். அதிகாரி வாசித்த முகவரி இந்த அறையின் முகவரி. பைல்ஸ் தன் ஆபீஸிலிருந்து, ஆமாம், அதே இடம்தான், வேகம் இப்போது நூற்றுப் பதினெட்டு என்று காட்டுகிறது என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உதவி செய்கிறேன் என்று நானே அவர்களைச் சாட்சிக் கூண்டில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன்.

பைல்ஸ் தன் மூன்று நிமிஷத்தைப் பொறுமையாக எடுத்துக்கொண்டார். "மேடம், இன்னிக்கு இந்தப் பள்ளத்துல எல்லாருக்கும் வேகம் இருக்குன்னு நான் சொல்லல. எல்லாருக்கும் வேகம் இருக்குன்னு பதிவு இருக்குங்கறேன். பதிவு இருந்தா வேகம் பின்னாலயே வரும், கொஞ்சம் முன்ன பின்ன ஆகலாம். கஸ்டமர் சொல்றத நாங்க எப்பவும் மதிப்போம். அதனாலதான் கஸ்டமர் என்ன சொல்லணுமோ அத முன்கூட்டியே எழுதி வாங்கி வச்சிருக்கோம்" என்றார். ஒன்பது படிவங்களும் வரிசையாகத் திரையில் வந்தன. கருத்துகளை அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். குழந்தைகளின் படிப்புக்கு மிகவும் உதவியாக இருக்கிறது.

பேச மெர்லீனுக்கு அனுமதி இல்லை. மடியில் இருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

திருமதி ஸ்டட்லர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள், மிஸ்டர் கோகர், இதையெல்லாம் எழுதியது நீங்கள்தானா என்று. டென்சில் வாயை வட்டமாகத் திறந்தார். உறைந்த திரையைப் பார்த்து மாதக்கணக்காகப் பழகிய வட்டம். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. அவள் காத்திருந்தாள், பிறகு அடுத்த கேள்விக்குப் போனாள்: "நீங்க எழுதலன்னா, வேற யார் எழுதினாங்க?"

"ட்வைலா" என்றார் டென்சில்.

கணீரென்று வந்தது. மிஷின் சத்தத்தையும் மீறி, ரேடியோவில் வந்த அதே குரல். புரியவில்லை, இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று அதிகாரி கேட்டாள். அவர் என் பக்கம் தலையைத் திருப்பி, சிரித்துக்கொண்டே, "ட்வைலா" என்றார்.

யார் ட்வைலா என்று அதிகாரி கேட்டாள். நான் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் போதும், முகம் படத்தில் வந்திருக்கும். உள்ளங்கை இரண்டையும் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றேன். பைல்ஸ் முந்திக்கொண்டார். "எங்க ஊழியர், மேடம். ரொம்ப நல்ல பொண்ணு. பேச முடியாத நிலமையிலயும் எங்க சேவைய பேர் சொல்லிப் பாராட்டறாரு பாருங்க. எங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" திருமதி ஸ்டட்லர் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆட்சேபம் தள்ளுபடி ஆயிற்று. படத்தின் தெளிவே தீர்ப்பில் முதல் காரணமாகப் பதிவானது.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். மெர்லீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எங்களுக்குப் புள்ளைங்க இருக்குன்னு எவளோ எழுதி வச்சிருக்கா. பேரு என்ன வச்சாளாம், அதையும் எழுதியிருக்கலாம்" என்றாள். அவர்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

மறுநாள் பைல்ஸின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அந்த ஒன்பது படிவங்களையும் எழுதியவள் நான் என்றேன். தெரியாமல் இருக்குமா என்பது போல் பார்த்தார். "ஒரு கஸ்டமர ஒன்பது வருஷம் தொடர்ந்து திருப்தியா வச்சிருந்திருக்க, ட்வைலா. நாட்டுல எந்தக் கம்பெனியால முடியும்? இதப் போய்க் குத்தம் மாதிரி சொல்ற" என்றார். அந்த வெள்ளிக்கிழமை எனக்காக ஒரு கேக் வந்தது. நீல க்ரீமில் ஒன்பது என்று எழுதியிருந்தது. ஒரு துண்டு சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்திருக்கலாம்.

விசாரணை முடிந்ததில் டென்சிலுக்கு ஒரு வசதி கிடைத்தது. மிஷின் அறை அவருடைய முகவரி என்று மாநிலமே தீர்ப்புச் சொல்லிவிட்டதால் அவர் அங்கே போவதை யாராலும் தடுக்க முடியவில்லை. மெர்லீன் வாரம் மூன்று நாள் அவரை அங்கே கூட்டி வந்தாள். ஒரு மடக்கு நாற்காலி வந்தது, போர்வை வந்தது, ஃபிளாஸ்க் வந்தது. தபால் பெட்டிக்குக் கடிதங்களும் வர ஆரம்பித்தன. மிஸ் ஓர்டீஸின் வாய் அங்கே உறையவில்லை. அதற்குள் அந்த ஒரு வருஷத்தில் எட்டு மாதம் போயிருந்தது. மற்ற முப்பத்தோரு வீடுகளுக்கும் ஒன்றும் வரவில்லை. மின்சாரக் கூட்டுறவுக்காரர்கள் குழி தோண்டும் இயந்திரத்தை அடுத்த மாவட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

இந்த வசந்தத்தில் திருப்திப் படிவம் மறுபடி வந்தது. இந்த முறை நான் நிரப்பவில்லை. அதை எடுத்துக்கொண்டு மிஷின் அறைக்குப் போனேன். பயிற்சி முடிந்து டென்சில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். இப்போது பதினோரு சொற்கள் வந்திருந்தன. நான் கேள்வியை வாசித்தேன்: உங்கள் இல்லத்தில் கிடைக்கும் இணைப்பு உங்களுக்குத் திருப்தியளிக்கிறதா?

அவர் மிஷினைப் பார்த்தார், தகரக் கதவைப் பார்த்தார், வெளியே சாலை பள்ளத்துக்குள் வளைந்து போகும் இடத்தைப் பார்த்தார். வாயை வட்டமாகக் குவித்தார்.

"நோ" என்றார்.

மெர்லீன் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நான் படிவத்தையும் பேனாவையும் அவரிடம் கொடுத்தேன். இடது கையில் பேனாவைப் பிடித்து, கடைசிக் கட்டத்தில், சிறிதும் திருப்தியில்லை என்பதற்கு எதிரே, டிக் போட்டார். பிறகு கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, இருபது நிமிஷம் ஆயிற்று. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நான் அதை மடிக்காமல் உறையில் போட்டு அன்றே அனுப்பினேன். மூன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் சரிபார்ப்புப் பிரிவிலிருந்து படிவம் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. சந்தாதாரரின் கையெழுத்து எங்கள் கோப்பில் உள்ள ஒன்பது கையெழுத்துகளோடும் பொருந்தவில்லை, போலி என்று சந்தேகிக்கிறோம், அசல் கையெழுத்துடன் புதிய படிவம் வராவிட்டால் முகவரியின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று குறிப்பு இருந்தது. துண்டித்தால் மிஸ் ஓர்டீஸும் போய்விடுவாள், பதினோரு சொல்லோடு நின்றுவிடும். நான் ஒன்பதையும் எழுதியவள் என்று இப்போது அந்தப் பிரிவுக்கு எழுதினால் சந்தாதாரரே இல்லை என்று ஆகும், அப்போதும் துண்டிப்பார்கள். இப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதில் எவ்வளவு டென்சிலுக்காக, எவ்வளவு எனக்காக என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மேஜை இழுப்பறையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்தேன். கடைசிக் கட்டத்தில், அவர் போட்ட இடத்தில்தான் டிக் போடப் போனேன். கோப்பில் உள்ள ஒன்பதோடு அதுவும் பொருந்தாது. மிகமிகத் திருப்தி என்ற முதல் கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினேன். டென்சில் கோகர் என்று கையெழுத்திட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சரிபார்ப்புப் பிரிவு இரண்டே நாளில் பதில் அனுப்பியது. கையெழுத்து அசல்தான் என்று உறுதி செய்யப்பட்டிருக்கிறது.